உள்பக்கம் உறைந்த கண்ணாடி

ஜனவரி 6, திங்கள்

விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். காலை 6.12 ரயிலுக்கு முன்பே கடையில் பதினோரு பேர். துணியை மேசையில் போட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். பெயர் எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான். அதிகம் பேச வேண்டியதில்லை.

எல்ம்ஹார்ட்டில் வீடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எல்ம்ஹார்ட்டில் வேலை செய்வதில்லை. ஒன்றேகால் மணி நேரம் ரயிலில் நியூயார்க் போய், இருட்டிய பிறகு வருகிறார்கள். பகலில் ஊரில் மிச்சமிருப்பது சலவைக் கடையில் நான், டோனட் கடைக்காரர்கள், அடுத்தவர்களின் நாய்களை நடத்திக் கூட்டிப்போகும் இரண்டு பெண்கள், தூங்கிக்கொண்டிருக்கும் என் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். அப்பா இறந்த பிறகு அவளுக்கு இந்த வேலை கிடைத்துத்தான் நாசரேத்திலிருந்து இங்கே வந்தோம். எனக்கு அப்போது பதினாலு. இப்போது பதினேழு.

கடை அருமைநாயகம் மாமாவுடையது. அவரும் நாசரேத். துணியை நாங்கள் இங்கே வெளுப்பதில்லை. காலை ஒன்பதுக்கு வேன் வந்து பக்கத்து ஊருக்கு எடுத்துப் போகும், சாயங்காலம் ஐந்துக்குத் திரும்பக் கொண்டுவரும். சாயங்காலம் 6.48 ரயிலில் இறங்குகிறவர்கள் வாங்கிப் போனதும் ஏழு மணிக்குப் பூட்டிவிடுவோம்.

இன்று வெள்ளிங்கிரி சார் சட்டைகளை ஹேங்கரில் வேண்டாம், மடித்துக் கொடு என்றார். நான் கடையில் சேர்ந்த நாளிலிருந்து ஹேங்கரில் வாங்கியவர்.

ஜனவரி 8, புதன்

வெள்ளிங்கிரி சார் சாயங்காலம் வந்தபோது தலை ஈரமாக இருந்தது. இந்தக் குளிரில் தலை ஈரத்தோடு யார் வருவார்கள்? மாமா கேட்டுவிட்டார்.

“என்ன சார், நியூயார்க்ல மழையா?”

“இல்லீங். ஜிம்முல குளிச்சுட்டு நேரா வாரனுங்.”

“பொண்டாட்டி ஊருக்குப் போனதும் ஆளு ஜிம்மு கிம்முன்னு கெளம்பிட்டீரே. நானும் எங்க வீட்டம்மாவ ஒரு மாசம் அனுப்பிப் பாக்கணும் வே.”

சார் சிரித்தார். அவருடைய மனைவியும் மகளும் செப்டம்பரிலேயே கோயம்புத்தூர் போனார்கள். தீபாவளி முடித்து வருவார்கள் என்று முதலில் சொன்னார். பிறகு கிறிஸ்துமஸ். இப்போது பொங்கல்.

அவர் போன பிறகு மாமா என்னிடம், “ஏட்டி எப்சி, நீ வாயத் தொறந்து அவருக்கு ஒரு குட் ஈவினிங் சொன்னா என்ன, முத்தா உதிர்ந்திரும்?” என்றார். நான் பை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

எதையோ பார்த்தேன். எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

கடைக்கு எதிரில்தான் ஸ்டேஷன் கார் நிறுத்தம். காலையில் நான் 5.40க்குக் கதவைத் திறக்கும்போது அங்கே கார்கள் இருக்காது. ஒவ்வொன்றாக விளக்கோடு வந்து நிற்கும். ஆனால் வெள்ளிங்கிரி சாரின் சாம்பல் நிறக் கார் மட்டும் எனக்கு முன்பே வந்து நிற்கிறது, கடைசி வரிசையில், மரத்தடியில். இன்று குப்பை போட அந்தப் பக்கம் போனேன். கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. எல்லாக் காரிலும் உறையும். வெளியில் உறையும். அவருடையது உள்பக்கம் உறைந்திருந்தது.

ஒருவர் இரவு முழுவதும் உள்ளே மூச்சு விட்டால் அப்படித்தான் உறையும்.

வேறு காரணமும் இருக்கலாம்.

ஜனவரி 13, திங்கள்

இரண்டு சட்டை, ஒரு பேண்ட். அவரிடம் இப்போது நான்கு சட்டைதான் சுற்றிச் சுற்றி வருகிறது. முன்பு பதினைந்து இருக்கும். நீலக் கோடு போட்டது எங்கே போனது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

மாமா நாளைக்குப் பொங்கல் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டார். “நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா பொங்கல் எல்லாருக்கும் இனிக்கத்தான வே செய்யும்?”

“ஆபீஸ்ல பெரிய டெட்லைனுங். அடுத்த வருசம் கட்டாயம் வாரனுங்.”

அவர் ‘ஆபீஸ்’ என்று சொல்லும் முன் ஒரு நொடி நின்றார். மாமா கவனிக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகத் தெரியும்.

பத்தாம் வகுப்பில் நான் இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. காலையில் பையோடு கிளம்பி, ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 10.30க்கு டிக்கெட் பெண் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பாள். நூலகத்துக்குப் போவேன். இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு. ‘ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ என்று அம்மா கேட்பாள். அந்த ஒரு நொடி நின்றுவிட்டு, ‘நல்லா இருந்துச்சு’ என்பேன்.

ஏன் போகவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. வகுப்பில் ஆசிரியை என் பெயரைச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது, அவ்வளவுதான். இருபத்தைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது போதும். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது, அம்மா அழுதாள், பதினாறு முடிந்ததும் கையெழுத்துப் போட்டு நிறுத்திவிட்டாள்.

எனவே எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்வது?

ஜனவரி 16, வியாழன்

என்னைப் பார்த்துவிட்டார்.

வேண்டுமென்று போகவில்லை. 5.35க்கு டோனட் கடையிலிருந்து வரும்போது குறுக்கு வழியில் நடந்தேன். கார் உள்விளக்கு எரிந்தது. சார் பின் சீட்டில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு பஞ்சுப் போர்வை. முன் சீட்டில், நான் மடித்துக் கொடுத்த சட்டைகள் எங்கள் கடைக் காகிதத்தோடு அப்படியே. அவர் நிமிர்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.

இன்று அவர் கடைக்கு வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

இன்றும் வரவில்லை. கார் நிற்கிறது.

ஜனவரி 18, சனி

அம்மாவிடம் கதை போல் கேட்டேன்: “ஒருத்தங்க கார்லயே தூங்கினா என்ன ஆகும்?”

“யாரு கார்லட்டி?” எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

“சும்மாதான் கேக்கேன்.”

“போலீஸ் வந்து எழுப்பும். விசா கிசான்னு கேக்கும். இல்லன்னா குளிர்ல வெறச்சுப் போவாங்க. போன வருசம் ஒரு கிழவர எங்க வார்டுக்குக் கொண்டாந்தாவ. மூணாம் நாள் செத்துப் போனாரு. என்னத்துக்குக் கேக்க?”

“சும்மா.”

சொன்னால் போலீஸ். சொல்லாவிட்டால் குளிர். இரண்டில் எது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேறு யாருக்கும் தெரியாது.

ஜனவரி 21, செவ்வாய்

வெள்ளிங்கிரி சார் காலையில் வந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போர்வையைக் கொண்டுவந்திருந்தார். முழுக்கக் காபி. “கொட்டிப் போச்சுங் அம்மிணி. இன்னைக்குச் சாயங்காலமே வேணும். 6.48க்கு வந்துருவேன்” என்று மூன்று தடவை சொன்னார். ஐந்து மணிக்குத் தயாராக இருக்கும் என்று சொன்னேன். சீட்டில் சிவப்புப் பேனாவால் ‘இன்றே’ என்று எழுதினேன்.

வேன் 4.50க்கே வந்துவிட்டது. 6.48 வரவில்லை. மேலே போகும் மின்கம்பி அறுந்து எல்லா ரயிலும் நடுவழியில் நிற்கிறதாம். பூட்டிவிட்டு வந்தேன். பொட்டுக்கடலைத் துவையலும் சோறும். நாளை இன்னும் குளிரும் என்கிறார்கள்.

ஜனவரி 22, புதன்

காலை 5.35க்கே கதவுக்கு வெளியே நின்றார். போர்வையை வாங்கிக்கொண்டார். உதடு நீலம். மாமா உள்ளே இருந்தார்.

“நேத்து போர்வை இல்லாம என்ன வே செஞ்சீரு? மைனஸ் பதினஞ்சாமே!”

“வீட்டுல இன்னொண்ணு இருக்குதுங்.”

“ரயிலு எப்ப வந்துச்சு?”

“ஏழரைக்குங். அதுக்குள்ள கடை சாத்தியாச்சு.” என்னைப் பார்க்காமல் சொன்னார். பிறகு, “பரவாயில்லீங், அதனால என்ன” என்றார். அதையும் என்னைப் பார்க்காமல்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தரை சுடுவது போலக் காலை எடுத்து எடுத்து வைத்தார்.

ஜனவரி 23, வியாழன்

நேற்றும் முந்தாநாளும் எழுதாததை இப்போது எழுதுகிறேன். எழுதாவிட்டால் தூங்க முடியாது.

செவ்வாய்க்கிழமை நான் ஏழு மணிக்குப் பூட்டவில்லை. அவருக்காகக் காத்திருந்தேன். போர்வையை மேசை மேலேயே வைத்திருந்தேன். 7.25க்கு மாமா வீட்டிலிருந்து போன் செய்தார்: “இன்னும் பூட்டலியா? எவன் வரப் போறான்? லைட்ட அணை, அலாரத்தப் போடு, வீட்டுக்குப் போ. லைட்ட அணச்ச பெறவு யாருக்கும் கதவத் தொறக்காத, கேட்டியா?” போன வருடம் மருந்துக் கடையில் திருட்டு நடந்ததிலிருந்து அவருக்கு இதே பயம். நான் விளக்கை அணைத்தேன். அப்போது ரயில் சத்தம் கேட்டது.

இரண்டு நிமிடத்தில் கதவைத் தட்டினார்கள். அவர்தான். தொப்பி, கையில் ஆபீஸ் பை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். கதவைத் திறந்து போர்வையைக் கொடுத்தால், அது அவருக்கு ஏன் இன்றே வேண்டும் என்று எனக்குத் தெரியாதது போல இனி நடிக்க முடியாது. அவர் ஏதாவது சொல்வார். நான் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

மறுபடியும் தட்டினார். பிறகு போய்விட்டார்.

ஏழரை மணிக்கு நடந்தது இது. போர்வை பத்தடி தூரத்தில் இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் ஷூ இல்லாமல், பெரிய ரப்பர் செருப்பும் இரண்டு சாக்ஸும் போட்டு வந்தார். ஆபீஸுக்கு அந்தச் செருப்பில். “கால் சுளுக்குங்” என்றார். சட்டை எதுவும் வெளுக்கப் போடவில்லை, வாங்கவுமில்லை. ஹீட்டர் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார். 6.12ஐ விட்டுவிட்டார். அடுத்த ரயிலிலும் ஏறினதை நான் பார்க்கவில்லை.

நாளை சனிக்கிழமை. ஆபீஸ் ரயில் கிடையாது. நிறுத்தத்தில் ஒரு காரும் இருக்காது. அவர் வெளியே வரவும் காரணம் இருக்காது.

ஜனவரி 25, சனி

ராத்திரி ஆறு அங்குலம் பனி. காலை எட்டு மணிக்கு நிறுத்தம் முழுக்க வெள்ளை, கடைசி வரிசையில் ஒரு மேடு மட்டும். காரைச் சுற்றிக் காலடித் தடம் இல்லை.

மாமாவிடம் சொல்லாமல் நடந்தேன். ஜன்னலின் பனியைக் கையால் தள்ளினேன். உள்ளே கண்ணாடி வெள்ளையாக இருந்தது. தட்டினேன். சத்தமில்லை. “சார், நான் எப்சி. சலவைக் கடை எப்சி. கதவத் தொறங்க” என்று கத்தினேன். நான் கத்துவேன் என்று நினைத்ததில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது.

“ஒண்ணுமில்ல அம்மிணி. சித்தெ தூங்கறேன். நீ போ.”

“கால காட்டுங்க சார்.”

“போலீஸக் கூப்பிட்டுறாத. வேலை போயி மூணு மாசமாச்சு. வேலை போனா அறுபது நாள்தான் இந்த நாட்டுல இருக்க விடுவாங்க, அது எப்பவோ முடிஞ்சுது. ஒரு இன்டர்வியூ பாக்கி இருக்குது. அது மட்டும் ஆயிருச்சுன்னா…”

“நானும் ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் இந்த ஸ்டேஷன்லதான் உக்காந்திருந்தேன் சார்” என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கதவை முழுதாகத் திறந்தார். பிறகு போர்வையை விலக்கினார்.

இடது கால் விரல்கள் மெழுகு போல இருந்தன. சுண்டுவிரலும் அடுத்ததும் கறுத்திருந்தன.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஷிப்ட் முடிந்து படுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தாள். வழியெல்லாம் திட்டினாள். என்னையா, அவரையா, பனியையா என்று புரியவில்லை. அவர் காலைப் பார்த்ததும் திட்டை நிறுத்தினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஈர சாக்ஸோட தூங்குனீயளா?”

“செவ்வாக்கிழமைங். ஸ்டேஷன்ல பனிச்சேத்துல நின்னு நனஞ்சு போச்சு. காரும் ஸ்டார்ட் ஆகலீங்.”

“எந்திரிங்க. என் ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். யாரும் அங்க விசா கேக்க மாட்டாவ.”

“வேண்டாங்க, அக்கா…”

“தம்பி, இப்ப ஏறுனா போறது விரலு. நாளைக்கு ஏறுனா காலு. எப்படி வசதி?”

ஏறினார்.

ஜனவரி 28, செவ்வாய்

விரலை உடனே எடுக்க மாட்டார்களாம். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்கிறாள் அம்மா. செவ்வாய் இரவுதான் உறைந்திருக்கிறது. மறுநாளே வந்திருந்தால் எல்லா விரலும் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா சப்பாத்தி உருட்டிக்கொண்டே சொன்னாள். அவர் கடைக் கதவைத் தட்டியது அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கே போவார்? மாமா சாவியைத் தூக்கி மேசையில் போட்டார். “என் வீட்டு பேஸ்மெண்ட் சும்மாத்தான கெடக்கு. எதுத்தாப்ல நிக்க கார்ல ஒரு மனுசன் குடியிருக்கான், நான் அவன்கிட்ட ஜிம்முன்னு கேலி பேசியிருக்கேன். எனக்கெல்லாம் கண்ணு எதுக்குட்டி?” பிறகு பின்னறைக்குப் போய்விட்டார். வேன் வந்த பிறகுதான் வெளியே வந்தார்.

பிப்ரவரி 12, புதன்

சாப்பாடு கொண்டுபோனேன். சார் காலைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் வேலை போனதைச் சொல்லிவிட்டாராம். வீட்டைக் காலி செய்ததையும். காரைச் சொல்லவில்லை. காலைச் சொல்லவில்லை. “பனியில சறுக்கிச் சுளுக்குன்னு சொல்லியிருக்கேன். நீயும் எதுவும் சொல்லிறாத அம்மிணி. அவ அங்க தனியாப் பொண்ண வெச்சுட்டு இருக்கறா.”

நான் பாத்திரத்தை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

“சார், அன்னைக்கு நீங்க தட்டினப்ப நான் உள்ளதான் இருந்தேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“ஸ்டேஷன் லைட்டுல, கோட்டுக்குக் கீழ உன்ற ஷூ தெரிஞ்சுதே.”

“அப்புறம் ஏன் கூப்பிடல? எப்சின்னு கூப்பிட்டிருந்தா தொறந்திருப்பேன்.”

“ஒளிஞ்சிருக்கற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? என்னை யாராச்சும் அப்படிக் கூப்பிட்டிருந்தா நான் செத்திருப்பேன்” என்றார். பிறகு, “ரசம் நல்லாருக்குது” என்றார். இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஆபரேஷன். இரண்டு விரல். மற்றவை பிழைத்துவிட்டன. அம்மா இரவு ஷிப்டை மாற்றிக்கொண்டு பகலில் அவர் கூடவே நின்றாள். நான் கடையில். முப்பத்தோரு சட்டை, ஒரு கல்யாண கவுன்.

மார்ச் 6, வியாழன்

மாமா பேங்குக்குப் போயிருந்தார். பகல் பதினொன்றரை. கடைப் போன் அடித்தது. போன் அடித்தால் நான் எடுப்பதில்லை, பதிவாகும் வரை காத்திருப்பேன். நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை எடுத்தேன்.

“எப்சிங்களா?” ஒரு பெண் குரல். “நான் பூங்கோதை. கோயமுத்தூருங். வெள்ளிங்கிரி வீட்டுல.”

“ம்.”

“கடைக்காரரு நம்பர் குடுத்தாரு. இந்நேரம் நீ தனியா இருப்பேன்னாரு, அதான் அம்மிணி கூப்பிடறேன். உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“சுளுக்குன்னு சொல்றாரு. சுளுக்குக்கு ஒண்ணரை மாசமா? வீடியோவுல மொகத்த மட்டும் காட்டறாரு. ஜனவரில பூராம் பின்னால கார் சீட்டுத்தான் தெரியும். ஸ்டேஷன்ல நிக்கறேன்னுவாரு. நான் அப்பவே கண்டுபுடிச்சுட்டேன். அவரா சொல்லட்டும்னு இருந்தேன். நான் கேட்டிருக்கோணும். கேட்டா ஒடஞ்சு போவாருன்னு கேக்கல.” மூச்சு வாங்கினாள். “அவரக் கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாரு. நீ பாத்தவ. நீ சொல்லு. காலு இருக்குதா?”

“இருக்கு அக்கா.”

“முழுசா?”

சொல்லாதே என்று அவர் கேட்டிருந்தார். நான் சரி என்று சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. வெளியே ஒருவர் துணியோடு வந்து, நான் போனில் இருப்பதைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

“விரல் எட்டுதான் இருக்கு அக்கா. எடது கால்ல ரெண்ட எடுத்துட்டாங்க. குளிர்ல போச்சு. கார்லதான் தூங்கினாரு. அன்னைக்கு அவருக்குப் போர்வை இல்லாமப் போனதுக்கு நான்தான் காரணம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். தூரத்தில் ஒரு குழந்தை, யாரும்மா, அப்பாவா என்று கேட்டது. இல்ல கண்ணு, நீ போய்த் தூங்கு என்றாள்.

“எட்டா?”

“எட்டு.”

“நடக்கறாரா?”

“குச்சி வச்சு நடக்காரு. நேத்து படியேறினாரு.”

“செரி.” மறுபடி மூக்கை உறிஞ்சினாள். “நீ காரணம் கீரணம்னு என்னென்னமோ பேசாத அம்மிணி, எனக்கு இப்ப அது காதுல ஏறாது. இன்னைக்கே அவருக்கு டிக்கெட் போடறேன். இன்டர்வியூ கின்டர்வியூன்னு ஒண்ணும் வேண்டாம். எட்டோட வந்தாப் போதும்னு அவருகிட்டச் சொல்லு.”

“சொல்லுதேன் அக்கா” என்றேன்.